கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன?

பேரன் பேத்தி எடுத்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, தங்கள் பாட்டனாரின் தகப்பனார் பெயர் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். தட்டாமல் சொல்லிவிடுவார். நிலப் பத்திரத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. "அவருடைய சம்சாரத்தின் பெயர்?" என்று அடுத்தபடியாகக் கேளுங்கள். சற்றே யோசிப்பார். "பெரியாத்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெயர்... நினைவில்லையே!" என்பார்.

பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, ஒரு குடும்பத்தையே ஆளாக்கியவள், இரண்டு மூன்று தலைமுறைக்குள் பெயரில்லாதவளாகி விடுகிறாள். அவளைத் தேடிக் கண்டுபிடிக்க வழி உண்டா? உண்டு. ஆனால் அது அவள் எங்கே வாழ்ந்தாள் என்பதைப் பொறுத்தது. இதற்கு வரிச்சிக்குடியைப் போல் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

நண்டலாற்றின் இரு கரை

காரைக்காலுக்கு வடக்கே, கோட்டுச்சேரிப் பக்கத்தில் உள்ள ஊர் வரிச்சிக்குடி. இன்னும் வடக்கே போனால் நண்டலாறு. ஆற்றைத் தாண்டினால் பொறையாறு, தரங்கம்பாடி. இக்கரை 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமானது. அக்கரை டேனிஷ்காரரிடம் இருந்து, 1845ல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. காரைக்காலின் நிர்வாகம் 1954 நவம்பர் 1ந் தேதி இந்தியாவிடம் வந்தது.

வரிச்சிக்குடியில், 1880களில், ஒரு வீட்டில் மூன்று சகோதரிகள் இருந்ததாக வைத்துக்கொள்வோம். மூத்தவளை உள்ளூரில் கொடுத்தார்கள். நடுவிலாளைப் பொறையாற்றில் கொடுத்தார்கள். கடைசிப் பெண் காரைக்காலில் கப்பல் ஏறினாள். மூவரில் யாருடைய பெயர் இன்று காகிதத்தில் அகப்படும்?

மூத்தவள்

பிரெஞ்சு சிவில் சட்டத்தில் பிறப்பு, கலியாணம், இறப்பு மூன்றையும் பதிவு செய்ய வேண்டும். 1880ஆம் வருஷத்து உத்தரவு ஒன்று இந்தியக் குடிகளையும் இதன் கீழ்க் கொண்டுவந்தது. அந்தச் சட்டப்படி கலியாணப் பதிவில் மணமகளின் பெயர், வயது, தகப்பனார் பெயர் ஆகியவற்றோடு தாயார் பெயரும் இருக்கவேண்டும். ஆக, ஒரு பதிவு கிடைத்தால் இரண்டு தலைமுறைப் பெண்களின் பெயர் கிடைத்தது. ஏணியில் படிப்படியாக ஏறுவதுபோல, மகளிலிருந்து தாய்க்கும், தாயிலிருந்து பாட்டிக்கும் ஏறிப் போகலாம்.

எல்லோரும் ஒழுங்காகப் பதிந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. எழுத்தும் பிரெஞ்சு பாஷையில் இருக்கும். காரைக்கால் 'கரிக்கால்' ஆகியிருக்கும். திருமலைராயன்பட்டினமோ 'கிராந்த் ஆல்தே' என்று அடையாளமே தெரியாமல் கிடக்கும். ஆனாலும் பொறுமையோடு தேடுகிறவருக்குப் பலன் உண்டு. பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்திலுள்ள ஆவணக் காப்பகத்திலும் பிரெஞ்சிந்தியப் பதிவேடுகள் இருக்கின்றன.

நடுவிலாள்

ஆற்றைத் தாண்டிப் போனவளின் கதை வேறு. ஆங்கில சர்க்கார் 1881 முதல் பத்து வருஷத்துக்கு ஒரு முறை ஜனத்தொகைக் கணக்கு எடுத்தது. அவள் வீட்டு வாசலுக்கும் கணக்கெடுப்பவர் வந்திருப்பார். ஆனால் ஆண் இத்தனை, பெண் இத்தனை, விதவை இத்தனை என்று கூட்டித் தொகை போட்டார்களே தவிர, வீடுவாரியான தாள்களைக் காத்து வைக்கவில்லை. அவள் எண்ணப்பட்டாள், மறக்கப்பட்டாள்!

இங்கிலாந்திலோ பழைய கணக்குத் தாள்களை வைத்திருந்து, நூறு வருஷம் கழித்துத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் வருஷத்துக் கணக்கு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. நம் நாட்டில் 1948ஆம் வருஷத்துச் சட்டப்படி கணக்கெடுப்புத் தாள்களை யாரும் பார்வையிட முடியாது.

பெயர் சொல்லத் தயங்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலின்போது, வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றே பதிந்துகொண்டார்கள். அதனால் சுமார் 28 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலில் இடம் பெறாமல் போனார்கள்.

கடைசிப் பெண்

கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறியவளுக்கு வந்த கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் விசித்திரத்தைப் பாருங்கள்: ஆள் தப்பிவிடக் கூடாதே என்று முதலாளிகள் எழுதி வைத்த கணக்கு, இன்று அவள் சந்ததியாருக்குப் பொக்கிஷமாகிவிட்டது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலின் பட்டியலில் பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜாதி, ஊர், உடம்பிலுள்ள அடையாளம்கூடக் குறித்திருக்கிறார்கள். மொரீஷியஸில் புகைப்படமும் எடுத்து வைத்தார்கள்.

1854க்கும் 1889க்கும் இடையில் பிரெஞ்சுக் குவாதலூப் தீவுக்குப் போன இந்தியர் 40,000க்கும் மேல். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள் அவர்களில் ஏராளம். அங்கே பெயர்கள் உருமாறின. குவாதலூப் இந்தியரின் வாக்குரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஹென்றி சிதாம்பரோம் பெயரில் ஒளிந்திருப்பது நம் சிதம்பரம்தான்!

இப்படித் தேடிக் கண்டவர்களில் பத்திரிகையாளர் கையுத்ரா பகதூர் ஒருவர். 1903ல் கல்கத்தாவிலிருந்து 'கிளைட்' என்ற கப்பலில், கணவன் துணையின்றி, கர்ப்பிணியாகப் பிரிட்டிஷ் கயானாவுக்குப் போன சுஜாரியா என்பவள் அவருடைய கொள்ளுப்பாட்டி. அவளைத் தேடி ஆவணங்களைப் புரட்டி, 2013ல் ஒரு புத்தகமே எழுதினார்.

வீட்டிலேயே ஆரம்பியுங்கள்

நடுவிலாளைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா? இருக்கிறது, பரணில் இருக்கிறது. சீராக வந்த பித்தளை அண்டாவைத் தேய்த்துப் பாருங்கள். கழுத்தில் வெட்டியிருக்கும் பெயர் அவளுடையதாக இருக்கலாம். பழைய பத்திரங்களில் 'இன்னார் பாரி இன்னார்' என்று வருகிறதா என்று பாருங்கள். 'பாரி' என்றால் மனைவி.

இன்னொரு தடயமும் உண்டு. பேத்தி என்ற சொல்லே 'பெயர்த்தி', அதாவது பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் என்பதிலிருந்து வந்ததுதான். குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பெண்பெயர் இருந்தால், அதை முதலில் கொண்டவள் யார் என்று விசாரியுங்கள். காரைக்கால் அம்மையாரின் சொந்தப் பெயர் புனிதவதி. அவரைப் பிரிந்துபோன கணவன்கூட, வேறொருத்தியிடம் பிறந்த தன் மகளுக்கு அந்தப் பெயரையே வைத்தான் என்கிறது பெரியபுராணம்.

வீட்டிலோ உறவிலோ வயதான பாட்டி ஒருவர் இருப்பார். அருகில் உட்கார்ந்து, "ஆத்தா, உங்கள் அம்மா பெயர் என்ன? அவர்களுடைய அம்மா பெயர்?" என்று கேளுங்கள். பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். அவர் பெயரையும் சேர்த்து எழுத மறந்துவிடாதீர்கள்.