சவரக் கத்திக்குக் கூர் ஏறவில்லையா? சரிவைப் பாருங்கள்!

கத்தி தீட்டுவதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் உளியைத் தீட்டி எடுத்துக்கொண்டு போய், "சார், கட் ஆகவே மாட்டேங்குது" என்று நின்ற எல்லோருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

எங்கள் தாத்தாவிடம் சோலிங்கன் முத்திரை போட்ட பழைய சவரக் கத்தி ஒன்று உண்டு. நம்ம சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி, ஜெர்மனியில் அந்த சோலிங்கன் ஊருக்குக் கத்தி! இப்போது சலூன்களில் ஆளுக்கொரு புது பிளேடு மாட்டும் கத்திதான். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி போன்றவை ரத்தம் வழியாகப் பரவும் என்பதால் அதுதான் சரியும்கூட. ஆனால் தாத்தா தன் சொந்த முகத்துக்கு மட்டும் இன்றும் அந்தப் பழைய கத்தியைத்தான் எடுப்பார். சவரம் செய்யும்போது நிற்கும் கை, கல்லில் தீட்டும்போது நடுங்குகிறது. "நான் தீட்டித் தர்றேன் தாத்தா, நாங்க இதைத்தான் படிக்கிறோம்" என்று வீரமாக வாங்கிக் கொண்டேன்.

ஆறு நாள் சாயங்காலம், வழவழப்பான கல்லில் தேய் தேய் என்று தேய்த்தேன். கத்தி கண்ணாடி மாதிரி மின்னியது. ஏழாம் நாள் தாத்தா கன்னத்தில் வைத்தார். முடியை வெட்டவில்லை, இழுத்தது. இரண்டு இடத்தில் ரத்தம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக் கொள்வதென்று தெரியவில்லை.

தாத்தா திட்டவில்லை. "கத்தி மேல குத்தம் இல்லய்யா. ரெண்டு பக்கமும் இன்னும் சந்திக்கல. சந்திக்காத கத்தியை மழமழன்னு ஆக்கி என்ன பிரயோசனம்?" என்றார்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வார்த்தைக்கு விளக்கம்தான்.

கொஞ்சம் கணக்கு

சவரக் கத்தியின் முதுகு தடிமனாக இருக்கும். வாய்ப்பக்கம் மெலிந்து கொண்டே வரும். தீட்டும்போது முதுகும் வாயும் இரண்டுமே கல்லில் படிந்திருக்க வேண்டும். ஆக, கோணத்தை நம் கை தீர்மானிப்பதில்லை, முதுகுதான் தீர்மானிக்கிறது. முதுகின் தடிமன் 5 மி.மீ., முதுகு கல்லில் படும் இடத்திலிருந்து வாய் வரை 18 மி.மீ. என்று வையுங்கள். பாதித் தடிமன் 2.5-ஐ 18-ஆல் வகுத்து சைன் டேபிளைப் பார்த்தால் 8 டிகிரி. இரண்டு பக்கமும் சேர்த்து 16 டிகிரி. ஃபிட்டிங் லேபில் நாம் பிடிக்கும் தட்டை உளிக்கு 60 டிகிரி. வித்தியாசம் புரிகிறதா?

இந்த 16 டிகிரியை உண்டாக்கும் இரண்டு மெல்லிய பட்டைகள்தான் சரிவு, அதாவது பெவல். இரண்டு சரிவும் நுனியில் ஒரே கோட்டில், அடியிலிருந்து முனை வரை சந்திக்க வேண்டும். சந்திக்காவிட்டால் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மொட்டைத் திட்டு நிற்கும். 8000 நம்பர் கல் எடுக்கும் இரும்பு மிக மிகக் குறைவு. அது அந்தத் திட்டை எடுக்காது, பாலிஷ்தான் போடும். நான் ஆறு நாள் செய்தது அதுதான்! சரிவு போடுகிற வேலை 1000 நம்பர் கல்லுக்கு உரியது. கல் கிடைக்காவிட்டால் தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 1000 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டியும் செய்யலாம்.

சந்தித்ததா? மூன்று சோதனை

1. வெளிச்சம்: வாயை மேல்நோக்கிப் பிடித்து, குண்டு பல்புக்குக் கீழே மெல்லத் திருப்புங்கள். நல்ல வாயில் எதுவும் தெரியாது. எங்கேனும் வெள்ளைக் கோடு மினுக்கினால் அங்கே சந்திக்கவில்லை, அல்லது பல் விழுந்திருக்கிறது. சிவகாசி ஆப்செட் அச்சகங்களில் கலர்ப் புள்ளி பார்க்க ஒரு சின்ன லென்ஸ் வைத்திருப்பார்களே, 10 மடங்கு பெருக்கிக் காட்டுவது, அது இதற்கு அருமையான கருவி.

2. மை: மார்க்கர் பேனாவால் இரண்டு சரிவுக்கும் மை பூசி, கல்லில் நாலைந்து இழுப்பு இழுங்கள். சர்ஃபேஸ் பிளேட்டில் பிரஷ்யன் புளூ தடவி ஸ்க்ரேப்பிங் செய்தோமே, அதே தத்துவம். அங்கே நீலம் ஒட்டிய இடம் மேடு. இங்கே மை அழிந்த இடத்தில் கல் படுகிறது. மை நின்ற இடம் உங்கள் குற்றத்தைச் சொல்லும்.

3. முடி: 1000 நம்பர் கல் முடிந்த நிலையிலேயே, முன்கை முடியைத் தோலை ஒட்டி வெட்ட வேண்டும். கத்தியின் நடுப்பகுதி, அடி, முனை என்று தனித்தனியாகப் பாருங்கள். ஒரு இடம் வெட்டி ஒரு இடம் வழுக்கினால் வேலை முடியவில்லை.

குறையும் மருந்தும்

வாய் ஓரத்தில் மட்டும் மை நிற்கிறது: சரிவு இன்னும் வாய் வரை வரவில்லை. பொறுமைதான் மருந்து. ஒரு பக்கம் 20 சுற்று, மறுபக்கம் 20 சுற்று, பிறகு மறுபடி மை.

நடுவில் மை நிற்கிறது: அநேகமாகக் கல் குழிந்திருக்கும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடி மேல் வைத்த வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். எல்லாக் கோடும் அழிகிற வரை கல் சமமில்லை.

அடியிலோ முனையிலோ நிற்கிறது: கத்தி லேசாக வளைந்திருக்கலாம், அல்லது வாய் நேர்கோடாக இல்லாமல் பிறை போல் இருக்கலாம். கத்தியை முழு அகலத்துக்கும் ஒரே அடியாக இழுக்காமல், அடியில் ஆரம்பித்து முனையில் முடியும்படி குறுக்காகச் சாய்த்து இழுங்கள்.

எவ்வளவு தேய்த்தாலும் வாய் வரை வரவில்லை: அழுத்துகிறீர்கள்! குழித்துத் தேய்த்த கத்தியின் தகடு மிக மெல்லியது. அழுத்தினால் வளைந்து வாய் கல்லை விட்டு எழும்பும். ஆரம்பத்தில் மிதமான அழுத்தம். கடைசியில் கத்தியின் எடை மட்டும் போதும்.

கூர் வந்து உடனே உதிர்கிறது: பல வருடம் தீட்டித் தீட்டி முதுகு தேய்ந்து, கோணம் குறைந்திருக்கும். 5 மி.மீ. முதுகு 4.2 ஆகியிருந்தால் 16 டிகிரி சுமார் 13½ ஆகிவிடும். முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் சுமார் ஒரு டிகிரி திரும்பக் கிடைக்கும். ஆனால் டேப்போடு ஆரம்பித்தால் கடைசிக் கல் வரை டேப்போடுதான். இடையில் உரித்தால் கோணம் சிறுத்து, வாய் கல்லைத் தொடவே தொடாது.

சரிவு சேர்ந்த பிறகுதான் 4000, 8000 என்று ஏற வேண்டும். கல்லில் வாய் முன்னே போகும். கடைசியில் தோல் வாரில் முதுகு முன்னே போகும். மாற்றினால் வார் கிழியும்.

ஒரு எச்சரிக்கை

"எதுக்கு இவ்வளவு கஷ்டம், பெடஸ்டல் கிரைண்டர்ல ஒரு பிடி பிடிச்சா போச்சு" என்றான் என் அறைத்தோழன். பிடித்தால் கத்தியே போச்சு! கிரைண்டரில் கிளை கிளையாகப் பூக்கும் பொறியைப் பார்த்திருக்கிறீர்கள். நம்ம ஊர்க் கம்பி மத்தாப்பில் இரும்புத் தூள் எரிந்து பூப்பதும் அதே பொறிதான். எஃகிலுள்ள கார்பனால்தான் அது கிளை விடுகிறது. அந்தச் சூட்டில் மெல்லிய வாய் நீலம் பூத்தால் சுமார் 300 டிகிரி செல்சியசைத் தொட்டது என்று அர்த்தம். டெம்பர் இறங்கிவிடும். அப்புறம் எந்தக் கல்லாலும் கூர் நிற்காது. மருந்துக் கலவை உள்ள அறைகளில் பொறிக்குப் பயந்து இரும்புக் கருவியே விடுவதில்லை. சவரக் கத்திக்கும் பொறி எமன்தான்.

பிறகு என்ன ஆயிற்று?

மை பூசிப் பார்த்தேன். நடுப்பகுதியில் அப்படியே நின்றது. குற்றவாளி, குழிந்து போன பழைய கல். அதைச் சமப்படுத்த ஒரு மணி நேரம், சரிவு போட இன்னொரு மணி நேரம். ஆறு நாளில் வராதது ஒரே சாயங்காலத்தில் வந்தது. தாத்தா கட்டை விரல் நகத்தில் வாயை லேசாக வைத்துப் பார்த்து, "இப்ப சந்திச்சிருச்சு" என்றார். மறுநாள் சவரம் முடித்துக் கன்னத்தைத் தடவிக் கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. கத்தியை என் கையிலேயே கொடுத்து, "நீயே வச்சுக்க, மாசம் ஒருதரம் பாத்துக் குடு" என்றார்.

முதலாண்டில் ஹாஸ்டலில் யாராவது "உங்க வீட்ல என்ன தொழில்?" என்று கேட்டால், "கடை" என்பதோடு நிறுத்திக் கொள்வேன். என்ன கடை என்று சொன்னதில்லை. சைன் டேபிள் இல்லாமல், லென்ஸ் இல்லாமல், 16 டிகிரியை நகத்தால் அளக்கும் மனிதரின் பேரன் நான். இப்போது சொல்கிறேன்: சலூன் கடை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் கட்டிங் மெஷின் கத்தியோ, தச்சு உளியோ, கதிர் அரிவாளோ பிடித்த பெரியவர் ஒருவர் இருப்பார். இந்த லீவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நாம் படிப்பதும் அவர் அறிந்ததும் சந்திக்கட்டும். அப்புறம்தான் கூர்!

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்