பி.டி.-எல்1

பி.டி.-எல்1 என்பது மனித உயிரணுக்களின் மேற்பரப்பில் காணப்படும் ஒரு புரதம் ஆகும். சி.டி.274, பி7-எச்1 ஆகிய பெயர்களும் இதற்கு உண்டு. 290 அமினோ அமிலங்களைக் கொண்ட இப்புரதத்திற்குரிய மரபணு 9ஆம் நிறப்புரியில் அமைந்துள்ளது. பலவகைப் புற்றுநோய்களில் நோயின் போக்கை முன்கணிக்கவும், நோயெதிர்ப்பு மருந்து பயன் தருமா என மதிப்பிடவும் இது உயிர்க்குறிகாட்டியாகப் பயன்படுகிறது. எனினும் இதன் அளவு எல்லாப் புற்றுநோய்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை.

கண்டுபிடிப்பு

1992ஆம் ஆண்டில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோஞ்சோ குழுவினர் பி.டி.-1 என்னும் ஏற்பியைக் கண்டறிந்தனர். இது டி உயிரணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்களில் உள்ளது. 1999இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தில் லீப்பிங் சென் குழுவினர் பி7-எச்1 புரதத்தை விவரித்தனர். இது பி.டி.-1 உடன் பிணைகிறது என்பது 2000இல் அறியப்பட்டது. ஹோஞ்சோவும் ஜேம்ஸ் ஆலிசனும் 2018ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர்.

செயற்பாடு

பி.டி.-எல்1 பி.டி.-1 உடன் இணையும்போது டி உயிரணுவின் தாக்குதல் தணிகிறது. உடல் தன் திசுக்களைத் தானே அழித்துவிடாமல் காக்கும் தடுப்பு இதுவாகும். கருவுற்ற காலத்தில் தாயின் நோயெதிர்ப்பிலிருந்து கருவைக் காப்பதிலும் இதற்குப் பங்குண்டு. புற்றுநோய் உயிரணுக்கள் இதே புரதத்தை ஏந்தித் தாக்குதலிலிருந்து தப்புகின்றன.

முன்கணிப்பு

புற்றுக் கட்டியில் பி.டி.-எல்1 மிகுவதற்கு முக்கியமாக இரு காரணங்கள் உள்ளன. ஒன்று, புற்று உயிரணுவின் மரபணு மாற்றங்களால் அது தானாகவே மிகுதல். மற்றொன்று, கட்டியைத் தாக்கும் டி உயிரணுக்கள் சுரக்கும் காமா இன்டர்பெரானால் தூண்டப்படுதல். இரண்டாவது நிலையில் இப்புரதம், நோயெதிர்ப்பு உயிரணுக்கள் கட்டியை அடைந்துவிட்டன என்பதற்கும் அடையாளமாகும். ஆகவே, சிறுநீரகப் புற்றுநோயில் மிகுந்த அளவு குறைந்த வாழ்நாளுடன் தொடர்புபடுத்தப்பட்டுள்ளது. மெலனோமா என்னும் தோல் புற்றுநோயிலோ, சூழ்ந்துள்ள டி உயிரணுக்களுடன் சேர்ந்து காணப்படும்போது நல்ல போக்குடன் தொடர்புடையதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன.

அளவிடும் முறை

கட்டியிலிருந்து எடுத்த திசு பார்மலினில் பதப்படுத்தப்பட்டுப் பாரபின் மெழுகில் பதிக்கப்படுகிறது. அதன் மெல்லிய சீவலில் பி.டி.-எல்1ஐ மட்டும் பற்றும் பிறபொருளெதிரி இடப்பட்டு வண்ணமேற்றப்படுகிறது. வண்ணமேறிய புற்று உயிரணுக்களின் விழுக்காடு ஒரு வகை மதிப்பெண். அவற்றுடன் வண்ணமேறிய நோயெதிர்ப்பு உயிரணுக்களையும் சேர்த்துக் கணக்கிடுவது மற்றொரு வகை. நுரையீரல் புற்றுநோயில் முதல் வகையும், தலை, கழுத்துப் புற்றுநோயில் இரண்டாம் வகையும் பெரிதும் பயன்படுகின்றன.

மெழுகுக் கட்டியை அறை வெப்பநிலையில் கொண்டு செல்ல இயலும். எனவே இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் எடுக்கப்படும் திசுவையும் இவ்வசதியுள்ள பெருநகர ஆய்வகத்திற்கு அனுப்பிச் சோதிக்கலாம். பார்மலினில் 6 மணி நேரத்திற்குக் குறையாமலும் 72 மணி நேரத்திற்கு மேற்படாமலும் வைப்பது பொதுவான பரிந்துரை. மிகப் பழைய மெழுகுக் கட்டிகளில் வண்ணம் மங்கி, முடிவு தவறாகக் குறைந்து காட்டலாம்.

மருந்தும் செலவும்

பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய மருந்துகள் பி.டி.-1ஐ மறித்து இத்தடுப்பை நீக்குகின்றன. குறிப்பிட்ட சில மரபணு மாற்றங்கள் இல்லாத முற்றிய நுரையீரல் புற்றுநோயில் 50 விழுக்காடு அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெற்றவர்களுக்கு, பெம்புரோலிசுமாப் வேதிச்சிகிச்சையைவிடச் சிறந்த பயன் தந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

இம்மருந்துகளின் விலை பெருந்தடையாக உள்ளது. புகையிலை மெல்லும் பழக்கத்தால் இந்தியாவில் வாய்ப்புற்றுநோய் மிகுதி. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 151 பேரிடம் குறைந்த அளவு நிவோலுமாபை ஆய்ந்தனர். வழக்கமாக இரு வாரங்களுக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் தரப்படும் இம்மருந்து, இங்கு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டுமே குறைந்த செலவிலான மாத்திரைகளுடன் தரப்பட்டது. ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் மதிப்பீடு 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தது. இம்முடிவுகள் 2022இல் வெளியாயின.

குறைபாடுகள்

ஒரே கட்டியின் வெவ்வேறு பகுதிகளில் பி.டி.-எல்1 அளவு வேறுபடலாம். பயன்படுத்தும் பிறபொருளெதிரியைப் பொறுத்தும் முடிவு மாறும். மதிப்பெண் குறைந்தோர் சிலர் மருந்தால் பயன் பெறுவதும், மிகுந்தோர் சிலர் பெறாமையும் உண்டு. ஆகவே புற்றுநோயின் வகை, நிலை, பிற மரபணுச் சோதனைகள் ஆகியவற்றுடன் சேர்த்தே மருத்துவர்கள் இதனைக் கருதுகின்றனர்.