எடையில் இருக்கிறது சேதி

பார்வைக்கும் ருசிக்கும் ஒன்றாக இருக்கிற இரண்டு குவளைத் தண்ணீர், எடையில் கொஞ்சம் வேறுபடலாம். நீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்களில் 99.76 சதவீதம் ஆக்சிஜன்-16. ஏறத்தாழ ஐந்நூறில் ஒன்று மட்டும் இரண்டு நியூட்ரான் கூடுதலாகச் சுமக்கும் ஆக்சிஜன்-18. ஹைட்ரஜனிலும் கனமான வகை ஒன்று உண்டு, பெயர் டியூட்டீரியம். கடல் நீரில் பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுவுக்குச் சுமார் 156 தான் இருக்கும்.

ஒரே தனிமத்தின் இப்படி எடை வேறுபடும் அணு வகைகளை ஐசோடோப் என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்குக் கதிரியக்க பயம் வந்துவிடுகிறது. இவை அந்த வகை அல்ல. கதிர் வீசுவதில்லை, சிதைவதுமில்லை. அதனால் இவற்றை நிலையான ஐசோடோப்புகள் என்கிறோம். ஓரிடத்தில் கனமான அணுவின் விகிதம் மாறியிருந்தால், ஏதோ ஒரு இயக்கம் லேசானதையும் கனமானதையும் பிரித்துப் போட்டிருக்கிறது என்று பொருள். அந்த இயக்கம் எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறையின் வேலை.

நீரைப் பொறுத்தவரை முக்கியமான இயக்கங்கள் ஆவியாதலும் குளிர்ந்து மழையாதலும். ஆவியாகும்போது லேசான மூலக்கூறு முந்திக்கொள்ளும். மழையாகும்போது கனமானது முதலில் இறங்கிவிடும். கடலிலிருந்து கிளம்பிய மேகம் உள்நாட்டுக்குப் போகப்போக, மலை ஏற ஏற, அதிலிருந்து பெய்யும் மழை மேலும் மேலும் லேசாகிறது. 1952 ஜூன் 21 அன்று கோபன்ஹேகனில் வில்லி டான்ஸ்கார்ட் என்ற டென்மார்க் விஞ்ஞானி, ஒரு காலி பீர் பாட்டிலில் புனலைச் செருகித் தோட்டத்தில் வைத்து மழைநீரைப் பிடித்தார். ஒரே மழையிலேயே நேரத்துக்கு நேரம் ஆக்சிஜன்-18 மாறியது: உயரமான குளிர்ந்த மேகத்தின் நீர் லேசாகவும், தாழ்ந்த மேகத்தின் நீர் கனமாகவும் இருந்தது. மழைக்கு இது பொருந்தினால் பழைய பனிக்கும் பொருந்தும் அல்லவா? கிரீன்லாந்துப் பனியைத் துளைத்து எடுத்துப் பழங்காலத் தட்பவெப்பத்தைப் படிக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அங்கிருந்துதான் வளர்ந்தது.

அளவை ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்வார்கள். கடல் நீரை ஒட்டிய ஒரு பொதுத் தரம் பூஜ்யம். உங்கள் கிணற்று நீர் மைனஸ் 5 என்றால், அந்தத் தரத்தைவிட ஆயிரத்தில் ஐந்து பங்கு ஆக்சிஜன்-18 குறைவு. 1961-இல் ஹார்மன் கிரெய்க் உலகெங்கிலும் உள்ள நன்னீர் மாதிரிகளை வரைபடத்தில் புள்ளியிட்டபோது, ஆக்சிஜன் எண்ணை எட்டால் பெருக்கிப் பத்தைக் கூட்டினால் ஹைட்ரஜன் எண் கிடைக்கும் என்ற ஒரே நேர்கோட்டில் அவை வந்து விழுந்தன. வெயிலில் கிடந்து வற்றிய நீர் மட்டும் அந்தக் கோட்டை விட்டு விலகிவிடும்.

நம் ஊருக்கு இது நேரடியாக உதவும் இடம் இதுதான். ஏரிக்குப் பக்கத்துக் கிணற்றில் ஊறுவது ஏரித் தண்ணீரா, நேரே நிலத்தில் இறங்கிய மழையா? ஏரியில் மாதக்கணக்கில் வெயில் காய்ந்த நீரில் லேசானவை பறந்துபோயிருக்கும், கனமானவை சேர்ந்திருக்கும். கிணற்று நீரின் புள்ளி மழைக் கோட்டின் மேல் இருந்தால் மழை, ஏரி நீரின் புள்ளி வரை விலகியிருந்தால் ஏரி, இடையில் இருந்தால் இரண்டும் கலந்தது, எவ்வளவுக்கு எவ்வளவு என்றும் கணக்கிடலாம். தென்னிந்தியாவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. வடகிழக்குப் பருவமழையின் நீர், தென்மேற்கின் நீரைவிடப் பொதுவாக லேசானது. ஆகவே நிலத்தடி நீரை எந்தப் பருவம் அதிகம் நிரப்பியது என்றும் ஊகிக்க முடிகிறது. செயற்கை நீர்ச்செறிவுக்குப் பணம் செலவழிக்கும் முன் செய்யவேண்டிய சோதனை இது என்பது என் உறுதியான கருத்து. நீர் எத்தனை வயதானது என்று மட்டும் இந்த எண்கள் சொல்லாது. அதற்குச் சிதையும் ஐசோடோப்புகளான டிரிட்டியமும் கார்பன்-14 உம் வேண்டும்.

மாதிரி எடுப்பதில் கவனம் முக்கியம். பாட்டிலில் காற்றுக்கு இடமில்லாமல் விளிம்பு வரை நிரப்பி, உடனே இறுக மூட வேண்டும். மூடி தளர்ந்து கொஞ்சம் நீர் ஆவியானாலே எண் மாறிவிடும். நல்ல மழைநீர்கூட ஏரி நீர் போலக் காட்டும்.

இதே ஆக்சிஜன் பாறையிலும் உறைந்து கிடக்கிறது. டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்து 1934-இல் நோபல் பெற்ற ஹெரால்டு யூரி, ஓட்டுடலிகள் சுண்ணாம்பு ஓடு கட்டும்போது கடல் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஆக்சிஜன்-18 ஓட்டில் கூடும் என்று கணக்கிட்டார். சுமார் நான்கு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். அதை அளக்கும் கருவியைச் சிகாகோவில் அவருடைய குழு உருவாக்கியது. கணவாயின் தூரத்து உறவான பெலம்னைட் என்ற உயிரியின் புதைபடிவம் ஒன்றை எடுத்தார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த ஜுராசிக் காலத்துப் படிவம். மர வளையம் போன்ற அதன் அடுக்குகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, வெளிவந்த கார்பன் டை ஆக்சைடை அளந்தார்கள். எண்கள் ஏறி இறங்கி அலையாக வந்தன. இளமைப் பருவத்துக்குப் பின் அந்த உயிர் மூன்று கோடைகளையும் நான்கு குளிர்காலங்களையும் பார்த்திருந்தது. வசந்தத்தில், சுமார் நான்கு வயதில் இறந்தது. 1951-இல் வெளியான முடிவு இது. எப்போதோ மறைந்துபோன ஒரு கடலில் ஒரே ஒரு உயிர் கடந்த பருவங்களை எண்ண முடிந்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளிலும் பெலம்னைட்டுகள் கிடைக்கின்றன என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சிக்கல் பிறகு தெரிந்தது. பனியுகத்தில் லேசான நீர் பனிப்பாளங்களில் முடங்கிவிடுவதால் கடலே கனமாகிவிடும். கடலடிச் சேற்றில் கிடைக்கும் நுண்ணுயிர் ஓடுகளின் எண்ணில் பெரும்பங்கு வெப்பநிலையைக் காட்டவில்லை, பனியின் அளவையே காட்டுகிறது என்று 1967-இல் நிக்கோலஸ் ஷாக்கிள்டன் நிறுவினார். அந்த ஓடுகள் இன்று பனியுகங்கள் வந்துபோன வரலாற்றுக்கே அடிப்படைச் சான்று.

உயிருக்கு வந்தால், கார்பனின் கனமான நிலையான ஐசோடோப்பான கார்பன்-13. நெல் உள்ளிட்ட பெரும்பாலான செடிகள் அதைக் கூடுதலாக ஒதுக்கித் தள்ளும். அவற்றின் எண் மைனஸ் 27-ஐ ஒட்டி இருக்கும். கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை ஒளிச்சேர்க்கையை வேறு வழியில் செய்வதால் அவ்வளவு ஒதுக்குவதில்லை. மைனஸ் 12, 13 அளவில் நிற்கும். பண்டைய எலும்பிலிருந்து அந்த மனிதர் நெல் வகையை அதிகம் உண்டாரா, கம்பு வகையையா என்று பிரிப்பதற்கு இந்த இடைவெளி போதும்.

தேன் கலப்படத்தைப் பிடிப்பதும் இதே வழியில்தான். தேனீ நாடும் பூக்கள் பெரும்பாலும் முதல் வகைச் செடிகளுடையவை. கரும்புச் சர்க்கரைப் பாகு சேர்த்தால் தேனின் எண் உயரும். தேனில் உள்ள சிறிதளவு புரதமோ தேனீயிடமிருந்தும் மகரந்தத்திலிருந்தும் வந்தது; பிற்பாடு பாகு ஊற்றினாலும் அதன் எண் மாறாது. எனவே ஒரே பாட்டிலின் புரதத்தையும் தேனையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுகிறார்கள். வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தொட்டால் சுமார் 7 சதவீதம் பாகு கலந்திருக்கிறது. கலப்படக்காரர் அரிசிப் பாகுக்கு மாறினால் இந்தச் சோதனை ஏமாந்துபோகும், ஏனென்றால் நெல்லும் பூச்செடியும் ஒரே வகை. அதைப் பிடிக்க என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) போன்ற வேறு கருவிகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது.