வரி ஓடும் கத்தி: அசலா? போலியா?
முதுகைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்!

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை கொல்லர் கையில் அரிவாளாகும். லாரி முனையமும் தொழிற்பேட்டையும் உள்ள புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் இது தெரியாதவர் குறைவு. அதே பட்டைகளை அடுக்கி அடித்தால், பெரும் விலைக்குப் போகும் வரி ஓடும் 'டமாஸ்கஸ்' கத்தி கிடைக்குமா?

பட்டைகள் ஒட்டும். ஆனால் வரி பளிச்சென்று தெரியாது! எல்லா அடுக்கும் ஒரே எஃகு என்பதே காரணம்.

செய்வது எப்படி?

கார்பன் அதிகமுள்ள எஃகுத் தகட்டையும் நிக்கல் கலந்த எஃகுத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். துரு, எண்ணெய், பெயிண்ட் துளிகூட இருக்கக் கூடாது. அடுக்கு உலையில் சிவந்ததும் வெண்காரம் தூவுவார்கள். அது உருகி, இரும்பின் மேல் படியும் செதிலைக் கரைத்துவிடும்.

சூடு 1,200 டிகிரியை எட்டும்போது இரும்பு வெளிர்மஞ்சளாகப் பழுக்கும். அப்போது சம்மட்டி அடி விழும். எடுத்த எடுப்பில் ஓங்கி அடித்தால் தகடு நழுவிவிடும். பூப்பூவாய்ப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது என்று அர்த்தம்!

ஒட்டியதை நீட்டி, வெட்டி, மடித்து மறுபடி ஒட்டுவார்கள். 7 அடுக்கை நாலு தடவை மடித்தால் 112 அடுக்கு!

ஓரிடத்தில் ஒட்டாமல் விட்டாலும் போச்சு. கடைசியில் காய்ச்சி எண்ணெயில் முக்கும்போது கத்தி பிளந்துகொள்ளலாம். அத்தனை பாடும் வீண்.

பிறகு பெரிக் குளோரைடு திராவகத்தில் முக்கினால் கார்பன் எஃகு கறுக்கும். நிக்கல் எஃகு மின்னும். அதுதான் வரி.

பெயரிலும் குழப்பம்

பழைய டமாஸ்கஸ் வாளில் அடுக்கே கிடையாது. மூசை எனும் மண் குடுவையில் உருக்கிய ஒரே எஃகுக் கட்டியில் அடித்தது அது. வரி அந்த எஃகுக்குள்ளேயே உண்டானது. அத்தகைய எஃகுக்குப் பேர்போனது தென்னிந்தியா. லண்டனில் மைக்கேல் பாரடே 1819-ல் அதை ஆராய்ந்தார். பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் மூசை எஃகு தயாரித்த இடத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர் சாரதா சீனிவாசன் 1994-ல் எழுதினார். நம்ம பக்கத்து வித்தை, பெயரோ டமாஸ்கஸுக்கு!

ஏமாறாமல் இருக்க...

சாதாரணக் கத்தியில் திராவகத்தாலோ லேசராலோ வரி வரைந்தும் விற்கிறார்கள். அடுக்கு எஃகுக் கத்தி என்றால் வரி பக்கவாட்டோடு நிற்காது, முதுகிலும் ஓடும். ஓரத்தைத் தேய்த்துத் திராவகம் தடவினால் அழிந்த வரி திரும்ப வரும். போலியில் வராது.

காசை நீட்டும் முன் கத்தியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்!