நான் கண்ட மூன்று படங்கள்

"சினிமா பார்த்துக் கெட்டுப்போகாதே" என்று சொல்லாத பெரியவர் எங்கள் குமராட்சியில் இல்லை. கெட்டேனா என்பதை வாசகரே கூறுக.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில் பாடலே கிடையாது. சென்னையில் வேலைபார்க்கும் பெண்ணொருத்தி சொந்த வீடு கட்டத் தொடங்கிப் படும் பாடே கதை. காண்ட்ராக்டர் சிமெண்ட் மூட்டை திருடுவதைச் சித்தாள் மங்கம்மா அம்பலப்படுத்தும் கட்டத்தில், கொத்தனாரான என் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தூக்குனவளுக்குத் தெரியாதா, எத்தனை மூட்டைன்னு?" என்றார். விமர்சனம் என்றால் இதுவன்றோ!

‘காக்கா முட்டை’யை (2015) எல்லோரும் புகழ்கின்றனர். நானும் ரசித்தேன், மறுமுறை பார்க்கத் தோன்றவில்லை.

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) அப்படியன்று. ஆங்கிலப் பாடம் புரியாமல் விழிக்கும் சட்டக் கல்லூரி மாணவன், கூத்தில் பெண்வேடமிடும் தன் தந்தையை மறைத்து, வேறொருவரைத் தந்தையென்று கல்லூரிக்கு அழைத்து வருகிறான். விடுதியில் உடன் பார்த்தோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கை நாளன்று, அலுவலகத்தில் பேசத் தெரிந்தவர் என்று மாமாவை அழைத்து வந்தேன். வேட்டியை வெளுத்து மடித்து வைத்திருந்த அப்பா, ஒன்றும் கேளாமல் கரணையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

இந்தப் படத்தை மட்டும் அவருக்கு இன்னும் காட்டவில்லை.