ஓரியின் மலையில் அம்பு எங்கே போய்த் தைக்கும்?

ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருகிறவர்களுக்கு அருவிக் குளியல், அறப்பளீசுவரர் தரிசனம், மலர்க் கண்காட்சி என்று பொழுது போய்விடும். விழாவையொட்டி வில்வித்தைப் போட்டி நடந்தால் அங்கேயும் ஒரு மணி நேரம் நில்லுங்கள்.

கொல்லிமலையை ஆண்ட சங்ககால மன்னன் ஓரியின் புகழ் ஒற்றை அம்பில் நிற்கிறது. அது யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி எனத் துளைத்துக்கொண்டே போய்ப் புற்றிலிருந்த உடும்பில் தைத்ததாகப் புறநானூற்று 152-ஆம் பாட்டில் வன்பரணர் சொல்கிறார். கணக்குப் போட்டால் இடிக்கும். இன்றைய போட்டி அம்பு சுமார் 20 கிராம். நாணை விட்டு நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் 36 ஜூல். மணிக்கு 130 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்துக்கு அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் பந்தின் ஆற்றல் உள்ளங்கை அகலத்தில் சிதறும். அம்பின் ஆற்றலோ ஊசிமுனையில் குவியும். துளைப்பது அதனால்தான். ஐந்து விலங்கு என்பது புலவரின் உரிமை. அதைப் பறிக்க எனக்கு மனமில்லை.

வில்லாளிக்கு முதல் எதிரி புவியீர்ப்பு. ஒலிம்பிக்கில் இலக்கு 70 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் குறுக்களவு 122 செ.மீ.; பத்துப் புள்ளி தரும் நடுவட்டம் வெறும் 12.2 செ.மீ. அம்பு அங்கே போய்ச் சேர ஒரு நொடிக்குச் சற்று மேலாகும். அதற்குள் கிட்டத்தட்ட 7 மீட்டர் கீழே இறங்கிவிடும், அதாவது இரண்டு மாடி உயரம். ஆகவே வில்லை ஐந்தாறு பாகை தூக்கித்தான் எய்ய வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாண் தள்ளும் வேகத்தில் அம்பு மீனைப்போல் நெளிந்து, வில்லின் தண்டைச் சுற்றி வளைந்து போகிறது. 1930-களில் அமெரிக்கப் பொறியாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகக் கேமராவில் இதைப் படம்பிடித்தார். அம்பின் விறைப்பு வில்லின் பலத்துக்குப் பொருந்தாவிட்டால் எவ்வளவு குறிபார்த்தாலும் ஒரு பக்கமாகவே விலகும். நண்பனிடம் அம்பை இரவல் வாங்கி எய்கிறவர்கள் கவனிக்க.

இதெல்லாம் சமதளத்துக்கு. கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டைப் போன்ற மலைப்பகுதியில் சமமான 70 மீட்டரைத் தேடத்தான் வேண்டும். 1,000 மீட்டருக்கு மேலே காற்றின் அடர்த்தி சுமார் பத்து விழுக்காடு குறைவு. அது அம்புக்குப் பெரிய விஷயமில்லை. சரிவுதான் ஏமாற்றும். மேட்டில் இலக்கு என்றால் இன்னும் தூக்கி எய்யத் தோன்றும், பள்ளத்தில் என்றால் தாழ்த்தத் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் ஒரே விதி: சரிவின் நீளத்தை விட்டுவிட்டுக் கிடைத்தூரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 30 பாகைச் சரிவில் 50 மீட்டர் என்றால், கிடைத்தூரம் 43 மீட்டர்தான். 50 என்றே நம்பிக் குறி வைத்தால், அம்பு இலக்கின் நடுவுக்கு ஒன்றரை அடி மேலே போகும். 80 செ.மீ. குறுக்களவுள்ள இலக்கையே தாண்டிவிடும்!

அதனால் கொல்லிமலைக்குச் சமதளப் போட்டியைவிடக் காட்டுப் பாதையில் நடந்து நடந்து எய்யும் போட்டியே பொருத்தம் என்பேன். உலகப் போட்டிகளிலும் அப்படி ஒரு பிரிவு உண்டு. அதில் சில இலக்குகளின் தூரத்தைச் சொல்லவே மாட்டார்கள், கண்ணால் அளந்துகொள்ள வேண்டியதுதான். நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் போதும், பயிற்சியாளர் ஒருவரை வைத்துக்கொண்டு நடத்திவிடலாம்.

இடத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இலக்கின் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும், வானம் தெரியக் கூடாது. தூக்கி எய்த அம்பு 200 மீட்டருக்கு அப்பாலும் போகும். மேட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது மாடு மேய்த்துக்கொண்டிருக்கலாம். எல்லோரும் ஒரே கோட்டில் நின்று எய்யுங்கள். இரண்டு விசில் கேட்டால் கோட்டுக்கு வரலாம், ஒரு விசில் கேட்டால் எய்யலாம். மூன்று விசில் கேட்கும்வரை அம்பெடுக்க ஒருவரும் முன்னே போகக் கூடாது.