நனைய மறுக்கும் பருத்தி

ஜூன் பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் துவைத்த முண்டு லேசில் காயாது. மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. பருத்திக்கே நீர் மீது அத்தனை ஆசை. அதன் செல்லுலோஸ் இழை நெடுக, நீரைப் பற்றிக்கொள்ளும் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தாலே போதும், 100 கிராம் உலர்ந்த பருத்தி ஒரு துளி மழை படாமல் 8.5 கிராம் நீரை இழுத்துக்கொள்ளும்.

துணி மழையில் நனைவதைத் தடுக்க 1823இல் சார்லஸ் மெக்கின்டாஷ் இரு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசினார். மழை நின்றது, வியர்வையும் உள்ளேயே நின்றது. வெள்ளாயணி ஏரியின் தாமரை இலை வேறு வழியில் போகிறது. கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின் மேல் மெழுகு, இடையில் காற்று. மேட்டு நுனிகளில் மட்டும் அமரும் துளி உருண்டு ஓடுகிறது. துளிக்கும் பரப்புக்கும் இடையிலான ‘தொடுகோணம்’ 90 பாகையைத் தாண்டினால் பரப்பு நீரை விலக்குகிறது என்று பொருள். தாமரை இலையில் அது 150ஐயும் தாண்டும்.

பாலராமபுரம் கைத்தறித் துணிக்கு இந்தக் குணத்தைக் கொடுக்க வேண்டுமானால், ஓட்டைகளை அடைக்காமல் ஒவ்வொரு இழைக்கும் மெல்லிய தோல் போர்த்த வேண்டும். அப்போது துளி நுழையாது, நீராவி வெளியேறும். வழக்கமான ஆலைகளில் துணியை மருந்தில் முக்கிப் பிழிந்து, ஸ்டென்டர் இயந்திரத்தில் 150 பாகை செல்சியஸுக்கு மேல் சில நிமிடங்கள் வாட்டுகிறார்கள். தோசைக்கல்லை நெருங்கும் சூடு.

சூட்டுக்குப் பதில் கதிரால் பூச்சை இறுகவைக்கும் ‘கதிர்ப் பதன’ முறையில் அந்த அடுப்பே இல்லை. சிலிக்கோன் சேர்ந்த அக்ரிலேட் திரவத்தில் சிறிது ‘ஒளிதூண்டி’ கலந்திருக்கும். புற ஊதாக் கதிர் பட்டதும் ஒளிதூண்டி உடைந்து, இணை தேடித் தவிக்கும் துண்டுகளாகிறது. அவற்றுக்குத் தனி உறுப்புகள் என்று பெயர். ஒரு துண்டு ஓர் அக்ரிலேட்டைப் பிடிக்க, அது அடுத்ததைப் பிடிக்க, திரவம் ஓரிரு நொடியில் வலைபோல் பின்னித் திடமாகிறது. பல் மருத்துவர் நீல விளக்கால் அடைப்பை இறுகவைப்பதும் இதே வேதியியல்தான்.

எதிரி, நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன். தனி உறுப்புகளை அது முந்திக்கொண்டு பிடித்துவிடுவதால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். மழையைச் சந்திக்க வேண்டியதோ அந்த மேற்பரப்புதான்! அதனால் விளக்கின் கீழ் நைட்ரஜனை நிரப்புகிறார்கள். நூலின் உட்புறத்துக்கு ஒளி எட்டாது என்பது அடுத்த சிக்கல். எலக்ட்ரான் கற்றை எட்டும். சுமார் 150 முதல் 300 கிலோவோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான்களுக்கு ஒளிதூண்டியும் தேவையில்லை. துணி கதிரியக்கம் பெறுமோ என்ற பயம் வேண்டாம். அணுக்கருவை அசைக்க அந்த ஆற்றல் போதாது.

கேரளத்துக்கு இந்த வித்தை புதிதல்ல. கோட்டயத்தில் ரப்பர் வாரியம், ரப்பர் பாலைக் கந்தகமில்லாமல் கோபால்ட்-60 காமா கதிரால் பதப்படுத்தியிருக்கிறது.

மீதியிருக்கும் சிக்கல் எண்ணெய். நீரையும் எண்ணெயையும் சேர்த்து விலக்குவதில் ஃபுளூரின் சேர்மங்கள் கெட்டி. ஆனால் அவை மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குபவை. அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏவை ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2019இல் தடைப் பட்டியலில் சேர்த்தது. சிலிக்கோன் பூச்சு மழையைத் தாங்கும். தேங்காய் எண்ணெய் சிந்தினால் கறை பிடிக்கும்.